31 முறை ஓடிய மனம்: பற்றா, வரவா?

கேள்வி: எனக்கு 43 வயது. குமாரபாளையத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் பிபி இருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறேன். "டென்ஷனைக் குறைங்க, தியானம் பண்ணுங்க" என்றார் டாக்டர், எப்படி என்று சொல்லவில்லை. யூடியூப் பார்த்து விடியற்காலை 5 மணிக்கு எழுந்து 45 நிமிடம் உட்கார ஆரம்பித்தேன். ஒன்று கால் மரத்துப்போகிறது, இல்லையென்றால் தூங்கிவிடுகிறேன். மனம் எத்தனை முறை ஓடுகிறது என்று நோட்டில் குறித்துவைத்தேன். ஒரு நாள் 20 நிமிடத்திலேயே 31 முறை! 16 எண்ணி மூச்சை இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடும் பயிற்சியும் செய்தேன். இரண்டு நாள் நெஞ்சைப் பிடித்ததுபோல் இருந்ததால் பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஆப்பில் 19 நாள் என்று காட்டியது இப்போது பூஜ்யம். பக்கத்து வீட்டில் விசைத்தறி, எங்கள் வீட்டில் மாமியாரின் டிவி, கணவரின் கேலி. சங்கத்துக்கு 9.30க்கே போய்விடுவேன், ஆட்கள் வர 10 ஆகும், அந்த அரை மணி நேரம்தான் எனக்கு அமைதி. தீட்சை வாங்காமல் உட்காரக் கூடாது என்கிறார் ஒரு தோழி, பத்து நாள் முகாமுக்குப் போ என்கிறார் இன்னொருவர், தியானம் செய்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் மூன்றாமவர். எந்த மந்திரம் சொல்வது என்றும் தெரியவில்லை. எனக்குத் தியானம் வரவே வராதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நெஞ்சு விஷயம். பிபி இருக்கிற, 43 வயதான ஒருவர் நெஞ்சைப் பிடித்தது என்று சொன்னால், அதைத் தியானத்தின் தலையில் எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரமே ஒரு ஈசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மாடிப்படி ஏறும்போதோ தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ அதே பிடிப்பு வந்தாலும், கை, தாடை, முதுகு என்று பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும், இந்த வாரம் அடுத்த வாரம் என்ற பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நான் சைக்காலஜிஸ்ட். இதயத்தைப் பற்றி நான் சொல்லலாம் என்பது இவ்வளவுதான்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், அப்புறம் என் சந்தேகம் அந்த 16-64-32 மேல்தான். அது திருமூலர் சொன்ன கணக்கு, பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32, கணக்கில் தப்பில்லை. ஆனால் எட்டுப் படி கொண்ட அட்டாங்க யோகத்தில் பிராணாயாமம் நான்காவது படி. இயமம், நியமம் என்ற ஒழுக்கங்கள், ஆதனம் என்று மூன்று படி ஏறி, பக்கத்தில் ஆசான் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய எண்ணை நீங்கள் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு எட்டிப் பிடிக்கப் போயிருக்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள், 112 வரும். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் ஒரே ஒரு மூச்சுக்கு 112 நொடி. பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுவார்கள், அதாவது அந்த நேரத்துக்குள் உங்கள் உடம்பு வழக்கமாக 22 முதல் 37 மூச்சு வரை விட்டிருக்கும், நீங்கள் கொடுத்தது ஒன்று. நெஞ்சு பிடிக்காமல் என்ன செய்யும்? பிபி உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சி எதையும் தாங்களாகச் செய்யக் கூடாது. அதை விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது அந்த நோட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். தியானம் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் எத்தனை தடவை வரவில்லை என்று கணக்கோடு வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கணக்காளரிடம் பற்று வரவு பேச எனக்குத் தகுதி கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன், அந்த 31ஐ நீங்கள் தப்பான பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். மனம் ஓடியது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாது. பயிர்க்கடன் பாக்கி, பிள்ளையின் டியூஷன் ஃபீஸ், நாத்தனார் போன தீபாவளிக்குச் சொன்ன ஒரு வார்த்தை என்று அது போய்க்கொண்டே இருக்கும்போது நாமும் கூடவேதான் போய்க்கொண்டிருப்போம். நடுவில் எங்கேயோ, "அட, எங்கே வந்துவிட்டேன்" என்று சட்டென்று ஒரு விழிப்பு வருகிறது பாருங்கள், நீங்கள் உட்கார்ந்ததே அதற்காகத்தான். அதைப் பயிற்சி கெட்டுப்போன இடம் என்று நினைத்து நோட்டில் குறித்திருக்கிறீர்கள். 20 நிமிடத்தில் 31 என்றால் ஏறக்குறைய 40 நொடிக்கு ஒரு முறை விழித்திருக்கிறீர்கள், புதிதாக ஆரம்பித்தவருக்கு இது நல்ல வரவு. ஒரு தடவைகூட மனம் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் துருவிக் கேட்டால் 20 நிமிடமும் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுத் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது இழை அறுகிறது. தறிக்காரர் நிறுத்துகிறார், முடிச்சுப் போடுகிறார், மறுபடி ஓட்டுகிறார். தறியே எனக்கு வராது என்று அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போவதில்லை, அறுந்த இழையைத் திட்டிக்கொண்டும் நிற்பதில்லை. மனம் ஓடியது தெரிந்ததும் நீங்களும் அவ்வளவுதான் செய்ய வேண்டும். திட்டாமல் திரும்பி வர வேண்டும், இதில் "திட்டாமல்" என்பதுதான் கஷ்டம், நம் வளர்ப்பு அப்படி.

மனம் ஓடுவது உங்களுக்கு மட்டும் இருக்கிற கோளாறும் கிடையாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் 2010ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் போன் வழியாகத் திடீர் திடீரென்று, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 47 சதவீதத் தடவை மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. வேலையோடு இருக்கும்போதே பாதி நேரம் இப்படி என்றால், இருட்டில் கண்ணை மூடி ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மனதைக் காலியாக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் முதலில் காலியாக்கிக் காட்டட்டும்.

அப்புறம் அந்த 45 நிமிடம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979ல் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார், இன்றைக்கு மருத்துவமனைகளில் கற்றுத்தரும் தியானத்தில் பெரும்பகுதிக்கு அதுதான் வேர். அதில் வீட்டுப்பாடம் தினமும் ஏறக்குறைய 45 நிமிடம்தான். ஆனால் வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, கால் வலித்தது, தூக்கம் வந்தது, அழுகை வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் உண்டு. உங்களுக்கு யார் இருந்தார்கள்? அதனால் 45ஐ அழித்துவிட்டு 8 என்று எழுதுங்கள். ஆமாம், 8 நிமிடம்தான். இன்னும் கொஞ்சம் உட்காரலாமே என்று தோன்றும்போதே எழுந்துவிட வேண்டும், அந்த மிச்ச ஆசைதான் நாளைக்கு உங்களை மறுபடி உட்கார வைக்கும்.

எங்கே, எப்போது என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, சங்கத்தில் 9.30 முதல் 10 வரை. வீட்டில் பூஜை அறையில் பத்மாசனம் போட்டு உட்கார்ந்தால்தான் தியானம் என்று நினைத்ததால் அது உங்கள் கண்ணில் படவில்லை. பீரோவைத் திறந்து ரொக்கப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறீர்கள் அல்லவா, அதை வைத்த கையோடு உட்காருங்கள். "தினமும் எப்படியாவது நேரம் ஒதுக்குவேன்" என்ற வைராக்கியத்தைவிட, தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிட்ட பழக்கம்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சங்கம் கிடையாது, அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது.

நாற்காலியிலேயே உட்காரலாம். முதுகைச் சாய்மானத்திலிருந்து கொஞ்சம் முன்னால் எடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படுகிற மாதிரி. தரையில் உட்காரத்தான் பிடிக்கும் என்றால் ஒரு பவானி ஜமுக்காளத்தை நாலைந்து மடிப்பாக மடித்துப் பின்பக்கத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும், நிறையப் பேருக்கு இது ஒன்றிலேயே பாதித் தொல்லை தீரும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். அது சோதனையும் இல்லை, சித்தியும் இல்லை, காலை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி எதைக் கவனிப்பது. உங்களுக்கு இப்போதைக்கு மூச்சு வேண்டாம். ஏற்கெனவே மூச்சோடு ஒரு பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது, "கவனி" என்றதுமே அதை இழுத்துப் பிடித்து ஓட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். தேவைக்கு மேல் ஆழமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி சுருசுருக்கும், நெஞ்சு இறுகும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். முதல் மூன்று வாரம் காதையும் பாதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பாதி மூடி, பாதம் தரையில் அழுந்துவது, தரையின் குளிர்ச்சி, இதை ஒரு நிமிடம் உணருங்கள். அப்புறம் காது. தூரத்தில் தறி, தெருவில் போகிற டிவிஎஸ் எக்ஸெல், தலைக்கு மேல் மின்விசிறி, யாரோ பாத்திரம் போடுவது, எதையும் தேடிப் போக வேண்டாம், அதுவாக வந்து காதில் விழட்டும். நல்ல சத்தம், கெட்ட சத்தம் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். மனம் ஓடும். தெரிந்ததும் முடிச்சுப் போட்டுக்கொண்டு திரும்புங்கள். வேறு எந்த ரகசியமும் கிடையாது.

ஒன்று கவனித்தீர்களா, இவ்வளவு நாள் இடைஞ்சல் என்று நினைத்த தறிதான் இப்போது பிடிமானம். மாமியாரின் டிவியை மட்டும் அப்படி வைத்துக்கொள்ள முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது. தறிச் சத்தம் கதை சொல்லாது. சீரியல் சொல்லும், அதன்பின் மருமகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் உங்களால் எழுந்திருக்க முடியாது. அதனால் மாலையில் வீட்டில் முயலாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து, நெஞ்சு விஷயமும் தெளிவாகிவிட்டால், மூச்சுக்கு வரலாம். இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், அது தன் பாட்டுக்குப் போகட்டும், வெளியே போகும் ஒவ்வொரு மூச்சுக்கும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. நாலிலேயே தொலைந்துபோவீர்கள். சில நாள் 17 என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் விழிப்பே வரும், அது எல்லோருக்கும் நடக்கிற கூத்து. மறுபடி இறுக்கம் தெரிந்தால் பாதத்துக்கே திரும்பிவிடுங்கள், பின்வாங்கிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை, வருடக்கணக்காகக் காதாலேயே தியானம் செய்கிறவர்கள் உண்டு.

மந்திரம் கேட்டிருந்தீர்கள். ஹெர்பர்ட் பென்சன் என்ற ஹார்வர்டு மருத்துவர் 1970களில் தியானத்தின்போது உடம்பு எப்படித் தளர்கிறது என்று ஆராய்ந்துவிட்டு, மூச்சு விடும்போது "ஒன்று" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும் என்றார். சும்மா ஒன்று, அவ்வளவுதான். உங்களுக்கு முருகா என்று சொன்னால் மனம் இளகுமானால் முருகா. எது நாக்குக்கும் நெஞ்சுக்கும் பழகியதோ அது. இதற்கு மேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

தூக்கம். 5 மணிக்கு எழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கடைசிப் பாத்திரத்தைக் கழுவி, மறுநாளைக்கு மாவை எடுத்து வைத்து, போனைப் பார்த்துப் படுக்கும்போது பதினொன்றரை ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். சரியாக இருந்தால், நீங்கள் தியானத்தில் தூங்கவில்லை, பற்றாக்குறைத் தூக்கத்தைக் கிடைத்த இடத்தில் வசூல் செய்திருக்கிறீர்கள். பிபிக்கும் தூக்கக் குறைவு நல்லதில்லை. அந்த 5 மணியை 6 ஆக்கிக்கொள்ளுங்கள், தியானத்தைவிட உங்களுக்கு அது முதலில் தேவை.

இனி தோழிகள். உங்கள் பக்கத்தில் தீட்சை என்றால் அநேகமாக மனவளக்கலை மன்றத்தைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியும் குடும்பமுமாக வாழ்ந்துகொண்டே பயின்றவர், குடும்பஸ்தர்களுக்கென்றே ஒரு முறையை வகுத்தவர், உங்கள் ஊருக்குப் பொருத்தமான ஆள்தான். அந்த முறையில் புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவத்தை ஆசிரியர் தொடங்கி வைப்பார், அடுத்தடுத்த தவங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. அதைக் கற்க ஆசை இருந்தால் மன்றத்துக்கே போய் அவர்கள் வரிசையில் கற்பதுதான் முறை, பாதியை யூடியூபில் எடுத்துக்கொள்வது சரியில்லை. கூடவே உட்கார நாலு பேர் கிடைப்பார்கள், அதுவும் பெரிய உதவி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து தறிச் சத்தம் கேட்க யாரிடமும் தீட்சை வாங்க வேண்டாம்.

பத்து நாள் முகாம் என்பது கோயங்கா வழி விபாசனாவாக இருக்கும். பர்மாவில் பிறந்து வளர்ந்த எஸ்.என்.கோயங்கா 1969ல் இந்தியா வந்து பரப்பிய முறை, சென்னை பக்கம் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, போன் கிடையாது, நாளைக்குப் பத்து மணி நேரம் வரை உட்கார வேண்டும். நல்ல முறை, பலருக்கு வாழ்க்கையே மாறியிருக்கிறது, ஆனால் இப்போதைய உங்களுக்கு வேண்டாம் என்பேன். நான் 28 வயதில் ஒரு முகாமில் இப்படித்தான் மூன்று நாள் தயாரிப்போடு போய்ப் பத்து நாள் உட்கார்ந்தேன். நான்காம் நாளிலிருந்து முழங்கால் வலியும் மதுரை பரோட்டா சால்னாவும் தவிர வேறு எதையும் நான் தியானித்ததாக ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து எட்டு மாதம் தியானம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. முகாம்மேல் தப்பில்லை, நீந்தத் தெரியாதவன் ஆடி மாதக் காவிரியில் இறங்கியது என் தப்பு. ஒரு வருடம் உட்கார்ந்து பழகிவிட்டு, அப்போதும் ஆசை இருந்தால் போங்கள். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள்.

மூன்றாம் தோழியிடம் மட்டும் கொஞ்சம் கோபம் வருகிறது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2014ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று தியானத்தைப் பற்றிய 47 ஆய்வுகளை, 3,500க்கும் மேற்பட்டவர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் இருந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை, சும்மா உட்கார்ந்ததற்கு ஓரளவு பலன் என்பதே நல்ல வட்டிதான். ஆனால் மாத்திரை, உப்பு, நடை இந்த மூன்றும் தனிக் கணக்கு, தியானத்தை அதோடு நேர் செய்ய முடியாது. பிபி எண் குறைந்தால் மாத்திரையைக் குறைப்பதா என்று டாக்டர் சொல்லட்டும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. அமைதியாக உட்கார்ந்தால் சிலருக்குப் பழைய துக்கம் மேலே வரும். கண்ணீர் வந்தால் வரட்டும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்து, எழுந்த பிறகும் விடாமல், தூக்கத்தையும் கெடுத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், கண்ணைத் திறந்து எழுந்து நடந்துவிட்டு ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கணவரின் கேலிக்கு என்னிடம் மருந்து இல்லை. சங்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குத் தெரியவே வேண்டியதில்லை.

கடைசியாக ஆப்பின் பூஜ்யம். லண்டனில் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து, ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் குழு பார்த்தது. எல்லோரும் சொல்கிற 21 நாள் வரவில்லை, சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் போக்கை வைத்துக் கணித்தவை). நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவும் இல்லை. அந்த ஆப்தான் ஒரு நாள் விட்டதற்கு 19 நாளையும் அழித்துவிட்டது. எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ளாத கணக்கு அது, போனிலிருந்து எடுத்துவிடுங்கள். நேரம் பார்க்க போனில் இருக்கிற அலாரம் போதும், ஏரோபிளேன் மோடில் போட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டை மட்டும் தூக்கிப்போட வேண்டாம். இனிமேல் எத்தனை முறை ஓடியது என்று எழுதாமல், உட்கார்ந்த நாளுக்கு ஒரு கோடு, உட்காராத நாளுக்கு வெற்றிடம், அவ்வளவுதான், விளக்கம் எதுவும் வேண்டாம். ஈசிஜி என்ன சொன்னது என்பதை உடனே எழுதுங்கள், கோடுகளைப் பற்றி இரண்டு மாதம் கழித்து எழுதினால் போதும்.